முதுகெலும்பு வளைவும் இதய வால்வும்: பள்ளிப் பரிசோதனையில் விடுபட்ட ஒரு வரி

புதுடெல்லி: 'ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம்' என்ற மத்திய அரசின் சிறார் உடல்நலப் பரிசோதனைத் திட்டம் 2013 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. பிறந்த குழந்தை முதல் 18 வயதினர் வரை குறிப்பிட்ட சில வகைக் குறைபாடுகளையும் நோய்களையும் கண்டறிவது இதன் நோக்கம். பிறவி இதய நோய், ருமாட்டிக் இதய நோய், வளைபாதம் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன. 'ஸ்கோலியோசிஸ்' எனப்படும் முதுகெலும்பின் பக்கவாட்டு வளைவு இடம்பெறவில்லை.

இது எலும்பு மருத்துவத்துடன் முடிந்துவிடும் விடுபடல் அன்று. வளரிளம் பருவத்தினர் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு 10 டிகிரி அல்லது அதற்கு மேற்பட்ட வளைவு காணப்படுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோரின் இதயம் நலமாகவே இருக்கும். பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. எனினும், இதயத்தின் மிட்ரல் வால்வு இதழ்கள் தளர்ந்து பின்புறமாகப் பிதுங்கும் குறைபாடு, மற்றவர்களைவிட இவர்களிடம் அதிகம் தென்படுகிறது. முதுகெலும்பைத் தாங்கும் தசைநார்களுக்கும் வால்வு இதழ்களுக்கும் வலுவூட்டுவது இணைப்புத் திசுவே என்பது இதற்குக் கூறப்படும் விளக்கம்.

இத்தொடர்பு மிகத் தெளிவாக வெளிப்படுவது மார்பன் நோய்க்குறியில். 15ஆவது குரோமோசோமில் உள்ள மரபணு ஒன்றின் பழுதால் ஏறத்தாழ 5,000 பேரில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது. நெடிய உருவம், நீண்ட விரல்கள், பாதிக்கும் மேற்பட்டோரிடம் முதுகெலும்பு வளைவு ஆகியவை வெளியே தெரியும் அடையாளங்கள். உள்ளே வால்வு கசியலாம். மகாதமனியின் அடிப்பகுதி விரிந்து ஒருநாள் கிழியவும் கூடும். 1984 ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன், 1986 ஜனவரியில் ஜப்பானில் போட்டியின்போது சரிந்து 31 வயதில் உயிரிழந்தார். அவருக்கு மார்பன் நோய்க்குறி இருந்தது அதன் பின்னரே தெரியவந்தது.

இந்தியாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிறாரின் இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்டால் ருமாட்டிக் காய்ச்சலின் விளைவாக இருக்குமோ எனச் சந்தேகிப்பது இங்கு இயல்பு, அது நியாயமானதே. ஆனால், முதுகு வளைந்த, ஒடிசலான உயரமான சிறுவனிடம் அதே ஒலிக்குக் காரணம் வேறாக இருக்கலாம். முன்னதற்கு நீண்டகால பென்சிலின் ஊசி. பின்னதற்கு எக்கோ பரிசோதனை, மகாதமனியின் அகலத்தைத் தொடர்ந்து அளவிடுதல், கடும் விளையாட்டைத் தவிர்த்தல். பாதையே வேறு.

வளைவைக் கண்டறிய அரை நிமிடம் போதும். கைகளைத் தொங்கவிட்டு முன்புறம் குனியச் சொன்னால், முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரியும். இதை எல்லோருக்கும் செய்வதற்கு ஆதரவாகவோ எதிராகவோ போதிய சான்று இல்லை என அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2018இல் கூறியது உண்மையே. ஆனால் அக்குழு ஆராய்ந்தது முதுகெலும்பைப் பற்றி. ஸ்டெதாஸ்கோப்புடன் ஏற்கெனவே பள்ளிக்கு வந்துவிட்ட மருத்துவரைப் பற்றி அல்ல. வளைவுள்ள அனைவருக்கும் எக்கோ தேவையில்லை. இதய ஒலியில் மாற்றம், அசாதாரண உயரம், குடும்பத்தில் இளவயதுத் திடீர் மரணம் ஆகியவற்றில் ஒன்று இருப்பவர்களை மட்டும் மாவட்ட மையத்துக்கு அனுப்பலாம்.

வளைவு தீவிரமடையும் வாய்ப்பு அதிகமுள்ள மாணவிகளிடம் சீருடையும் துப்பட்டாவும் அதை மறைத்துவிடுகின்றன. திட்ட விதிகளின்படி பள்ளிக்கு வரும் குழுவின் இரு ஆயுஷ் மருத்துவர்களில் ஒருவர் பெண் என்பதால், இப்பரிசோதனைக்குக் கூச்சம் பெரிய தடையாகாது.

ஒருவருக்கு மார்பன் உறுதியானால் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் பரிசோதிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவரின் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்புள்ளது. ஏறத்தாழ கால்பங்கினருக்கு மட்டுமே பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் புதிதாகத் தோன்றுகிறது.