பெயருக்கு ஒரு காப்பாளர்

பாகப்பிரிவினை வழக்குகளின் பிராதைப் புரட்டினால், ‘மைனர்; இவருக்காகத் தாயும் கார்டியனுமான…’ என்ற வரி அடிக்கடி கண்ணில் படும். அப்பா இறந்திருப்பார். சித்தப்பாவோ அத்தையோ பங்கு கேட்டு வழக்குப் போட்டிருப்பார். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பிள்ளைகள் மூன்றாம், நான்காம் பிரதிவாதிகள். தங்கள் மேல் ஒரு வழக்கு நடப்பதே அவர்களுக்குத் தெரியாது.

18 வயது நிரம்பாதவர் தானே வழக்காட முடியாது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கென்றே 32-ஆம் கட்டளையை ஒதுக்கியிருக்கிறது. மைனர் பிரதிவாதியாக இருந்தால், அவருக்குத் தகுந்த காப்பாளரை நியமிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. அவர் எழுத்துமூலம் சம்மதிக்க வேண்டும். மைனரின் நலனுக்கு எதிரான நலன் அவருக்கு இருக்கக் கூடாது. நீதிமன்ற அனுமதியில்லாமல் அவர் சமரசம் பேசி முடித்தால், அது மைனரைக் கட்டுப்படுத்தாது. அனுமதி கேட்கும்போதும், சமரசம் மைனருக்கு நன்மையானது என்று வழக்கறிஞர் சான்று தர வேண்டும். மனக்குறையால் தம் நலனைத் தாமே காத்துக்கொள்ள இயலாத பெரியவர்களுக்கும் 15-ஆம் விதி இதையே பொருத்துகிறது.

குறை சொல்ல முடியாத ஏற்பாடுதான். ஆனால், யாரை நியமிக்கலாம் என்று இவ்வளவு கவலைப்படும் சட்டம், நியமிக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. பிள்ளையை நேரில் பார்க்க வேண்டும் என்றோ, சொத்து எங்கே இருக்கிறது, யார் அனுபவிக்கிறார்கள் என்று விசாரித்து அறிக்கை தர வேண்டும் என்றோ ஒரு விதியும் இல்லை. உறவினர் யாரும் முன்வராதபோது ஒரு வழக்கறிஞரைக் ‘கோர்ட் கார்டியன்’ ஆக்குகிறார்கள். சொற்பக் கட்டணம். வழக்குக் கட்டு மட்டும் அவர் கைக்கு வரும். ‘மைனரின் நலனை நீதிமன்றமே காக்க வேண்டும்’ என்று ஒரு பக்க எதிருரை தாக்கல் செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறவர்கள் உண்டு என்பது வக்கீல்கள் வட்டாரத்தில் ரகசியமல்ல. நீதிமன்றம் காப்பாளரை நம்ப, காப்பாளர் நீதிமன்றத்தைக் கைகாட்ட, நடுவில் பிள்ளையின் பங்கு போய்விடுகிறது.

1976-இல் நுழைக்கப்பட்ட 3-ஏ விதி இதை இன்னும் சிக்கலாக்கியது. காப்பாளருக்கு எதிரான நலன் இருந்தது என்பதற்காக மட்டும் தீர்ப்பாணையை ரத்து செய்ய முடியாது. அதனால் மைனருக்குப் பாதகம் விளைந்ததையும் காட்ட வேண்டும். வழக்குகள் முடிவில்லாமல் கிளறப்படுவதைத் தடுக்கும் நோக்கம் புரிகிறது. ஆனால், பத்து வருடத்துக்கு முன் நடந்த வழக்கின் பாதகத்தை, அப்போது எட்டு வயதாயிருந்தவர் எந்த ஆதாரத்தைக் கொண்டு நிரூபிப்பார்?

குழந்தை யாரிடம் வளர்வது என்ற சண்டையில் நிலைமை இன்னும் வெறுமையானது. தாய்க்கு ஒரு வக்கீல், தந்தைக்கு ஒரு வக்கீல். பிள்ளைக்கு, நீதிபதியின் அறையில் கிடைக்கும் சில நிமிடங்கள்.

இங்கிலாந்து ஒரு மரணத்துக்குப் பிறகுதான் விழித்தது. மரியா கோல்வெல் என்ற சிறுமியைத் திரும்பக் கேட்டுத் தாய் மனுப் போட்டபோது, அவளைப் பராமரிப்பில் வைத்திருந்த உள்ளாட்சி நிர்வாகம் எதிர்க்கவில்லை. இரு தரப்பும் ஒத்துப்போனதால், அந்த வீட்டுக்குப் போக அஞ்சிய சிறுமிக்காகப் பேச ஆளில்லை. 1973 ஜனவரியில், ஏழு வயதில், மாற்றாந்தந்தையின் அடியில் அவள் இறந்தாள். விசாரணை அறிக்கைக்குப் பின் வந்த 1975-ஆம் ஆண்டுச் சட்டம், இத்தகைய வழக்குகளில் குழந்தைக்கெனத் தனிக் காப்பாளரை நியமிக்க வழி செய்தது.

பெரியவர்கள் விஷயத்தில், அருணா ஷான்பாக் வழக்கு யோசிக்க வைப்பது. மும்பை கேஇஎம் மருத்துவமனைச் செவிலியரான அவர் 1973-இல் தாக்கப்பட்டு, பல்லாண்டுகள் நினைவிழந்து கிடந்தார். அவருக்கு நெருங்கிய நண்பர் என்ற முறையில் எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். அந்த இடம் அவருக்கல்ல, இரவும் பகலும் பார்த்துக்கொண்ட மருத்துவமனை ஊழியர்களுக்கே உரியது என்று 2011-இல் நீதிமன்றம் சொன்னது. கருணைக்கொலை பற்றிய தீர்ப்பாகவே அதை நினைவில் வைத்திருக்கிறோம். யார் பேசலாம் என்ற கேள்விக்கு, உடனிருப்பவர் பேசலாம் என்று அது தந்த பதிலை மறந்துவிட்டோம்.

கோமாவில் கிடப்பவரின் சொத்தை நிர்வகிக்கக் காப்பாளரை நியமிக்க இந்தியாவில் இன்றும் தனிச் சட்டம் இல்லை. 2024-இல் அப்படிப்பட்ட ஒருவரின் மனைவியை, தன் சிறப்பதிகாரத்தைக் கொண்டு சென்னை உயர் நீதிமன்றம் காப்பாளராக்கியது. எத்தனை குடும்பங்களால் உயர் நீதிமன்றம் வரை போக முடியும்?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, காப்பாளர் தனியாக முடிவெடுக்காமல், சம்பந்தப்பட்டவரோடு சேர்ந்து முடிவெடுக்கும் ‘வரையறுக்கப்பட்ட காப்பு’ முறையைக் கொண்டுவந்தது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 15-ஆம் விதியோ, தம் நலனைத் தாமே காக்க இயலாதவரை இன்றும் ஒரு மைனரைப் போலவே நடத்துகிறது.

இதைச் சரிசெய்ய நாடாளுமன்றத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, மாநில அரசின் ஒப்புதலோடு இந்த விதிகளைத் திருத்தவும் புதிதாகச் சேர்க்கவும் உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தருகிறது. காப்பாளர் தாம் காக்க வேண்டியவரை நேரில் சந்தித்து, முதல் வாய்தாவுக்குள் எழுத்துமூலம் அறிக்கை தர வேண்டும். அந்த வேலைக்கேற்ற கட்டணத்தை அரசு தர வேண்டும். இந்த இரண்டையும் சென்னை உயர் நீதிமன்றம் விதியாக்க வேண்டும்.