மடிப்பைத் தூக்கிப் பார்ப்போம்

கம்மாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அந்த அம்மாவின் சீட்டில் சர்க்கரை, இரத்த அழுத்தம், எடை மூன்றும்தான் இருந்தன. எடைக்குறைப்பு அறுவை முடிந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. 40 கிலோவுக்கு மேல் இறங்கியிருந்தார், சர்க்கரையும் கட்டுக்குள் இருந்தது. பாராட்டி அனுப்பியிருப்பேன். எழுந்தவர் முந்தானையை அடிவயிற்றுப் பக்கம் விலக்கிப் பிடித்துக்கொண்டு நடந்ததைப் பார்த்துத்தான் கேட்டேன்: "அங்க ஏதாவது எரியுதாம்மா?"

"வெந்துபோய்க் கெடக்குது டாக்டரம்மா. இதைப்போயி யார்கிட்ட காட்டறது?"

மடிப்பைத் தூக்கினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஈரச் சிவப்பு. ஆழத்தில் தோல் கீறி வெடித்த ஒரு கோடு. சிவப்பின் ஓரம் தாண்டி அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளங்கள். அதன் மேல் முகப்பவுடர் வியர்வையில் குழைந்து மாவாகத் திரண்டிருந்தது. கைப்பையில் மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு ட்யூப். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாகக் கலந்த கிரீம். பல மாதமாகப் போட்டு வருகிறார்.

ஓரக் கொப்புளங்கள் கேண்டிடா என்று சொல்லாமல் சொல்லிவிட்டன. அதைக் கண்டுபிடிப்பது நமக்குப் பெரிய காரியமில்லை. பல மாதம் யாரும் கண்டுபிடிக்காததுதான் என்னை வருத்துகிறது. மருந்து வாங்க மாதாமாதம் வந்தவர்தான். நாங்களும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கொழுப்பு கரைகிற வேகத்துக்குத் தோல் சுருங்குவதில்லை. வருடக்கணக்கில் இழுபட்டு மீள்தன்மை இழந்த தோல், அடிவயிற்றிலும் மார்புக்கடியிலும் தொடை இடுக்கிலும் மேற்கையிலும் தொங்கிவிடுகிறது. தோலோடு தோல் உரச, வியர்வை வெளியேற வழியில்லாமல் ஊற, ஊறிய தோலில் கிருமி குடியேறுகிறது. இனி இப்படிப்பட்டவர்கள் நம்மிடம் கூடுதலாக வருவார்கள். டிர்செபடைட் 2025 மார்ச்சில் மவுன்ஜாரோ என்ற பெயரிலும், எடைக்குறைப்புக்கான செமாகுளூடைட் அதே ஆண்டு ஜூனில் வீகோவி என்ற பெயரிலும் நம் நாட்டுக்கு வந்துவிட்டன. ஊசி போட்டு இளைத்தாலும் தோல் தொங்கத்தான் செய்யும்.

நம் பகுதிக்கென்று சில சங்கடங்கள் உண்டு. சுரங்கத்தில் ஷிப்ட் முழுக்கச் சீருடையும் பூட்சும் போட்டு நிற்பவருக்கு இடையில் துடைத்துக்கொள்ள நேரமேது? கத்திரி வெயிலில் களை எடுக்கும் பெண்ணுக்கும் அதே நிலைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துவைத்த உள்ளாடை காய்வதில்லை, அரை ஈரத்தோடு உடுத்திக்கொள்கிறார்கள். பாவாடை நாடாவையும் கவனியுங்கள். இளைத்த பிறகு பாவாடை நிற்பதில்லை என்று இறுக்கிக் கட்டுகிறார்கள். அந்தக் கயிறு தொங்கு தோலின் மேல் விளிம்பில் பதிந்து, மடிப்பை இன்னும் ஆழமாக்குகிறது. நாடா அழுந்திய இடத்தில் நாள்பட்ட புண் உண்டாகி, அதிலிருந்து தோல் புற்று வந்த இரண்டு இந்தியப் பெண்களைப் பற்றி 2024-இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழ் வெளியிட்டது. அரிதுதான். ஆனாலும் இடுப்பில் ஆறாத புண் என்றால் பயாப்ஸி எடுக்கத் தயங்க வேண்டாம்.

அந்த ட்யூப் விஷயத்துக்கு வருகிறேன். 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு அட்டவணை எச்-இல் கொண்டுவந்தது. ஆனாலும் கடைக்காரரிடம் "படைக்கு ஒரு மருந்து" என்று கேட்டால் கலவை கிரீம் கைக்கு வந்துவிடுகிறது. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சையோ உள்ளே பரவும். மடிப்புக்குள் பூசிய ஸ்டீராய்டு, மூடிக் கட்டியதுபோல் பல மடங்கு ஊறி, தோலை மெலியவைத்து வரி விழச் செய்யும். டெர்பினாஃபினுக்கு அடங்காத ட்ரைகோஃபைட்டான் இண்டோட்டினியே 2020-இல் பெயர் பெற்றபோது அந்தப் பெயரிலேயே நம் நாடும் இருந்தது. இடுக்கில் எது வந்தாலும் படர்தாமரை என்று எழுதிவிடாமல், சுரண்டி எடுத்து கே.ஓ.எச். போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குவோம். வுட்ஸ் விளக்கில் பவளச் சிவப்பாக ஒளிர்ந்தால் எரித்ராஸ்மா. அது பாக்டீரியா, பூஞ்சை மருந்தை நம்பி வாரங்களை வீணாக்க வேண்டாம்.

மருந்துக்கு முன் ஈரத்தைப் போக்க வேண்டும். இந்த வரிசை மாறுவதால்தான் க்ளோட்ரிமசோல் தோற்கிறது. மடிப்பைத் தூக்கி மென்மையாகக் கழுவி, தேய்க்காமல் ஒற்றியெடுத்து, மின்விசிறியடியில் சில நிமிடம் காற்றுப்படப் படுக்கச் சொல்லுங்கள். பிறகு மருந்தை மெல்லிசாகப் பூசலாம். புண் ஆறியதும் ஜிங்க் ஆக்ஸைடு காப்பாக இருக்கும். பவுடர் வேண்டாம். பழைய வேட்டித் துணியை ஒற்றையாக மடிப்புக்குள் வைத்து, நாலு விரல் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடச் சொல்லுங்கள். வெளியே நீண்ட பகுதிதான் ஈரத்தைக் காற்றுக்குக் கடத்தும். முழுவதும் உள்ளே திணித்தால் துணியும் சேர்ந்து ஊறும். துணி நனைந்தால் மாற்ற வேண்டும், மழைக்காலத்தில் இஸ்திரி போட்டுக் காயவைக்க வேண்டும். இவற்றைச் சொல்ல செவிலியரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

இவ்வளவு செய்தும் ஆறவில்லையென்றால் சாப்பாட்டை விசாரிக்க வேண்டும். அறுவைக்குப் பின் புரதமும் துத்தநாகமும் குறைந்தவருக்குத் தோல் ஆறாது. சர்க்கரைக்கு எஸ்.ஜி.எல்.டி.2 மாத்திரை எடுப்பவருக்குப் பிறப்புறுப்புப் பக்கம் கேண்டிடா திரும்பத் திரும்ப வரலாம். மடிப்பில் வரும் சொரியாசிஸும் பூஞ்சை போலவே ஏமாற்றும். காய்ச்சல், சுற்றிலும் சூடான வீக்கம் என்றால் அன்றே மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடுங்கள்.

தொங்கு தோலை வெட்டியெடுப்பதை அழகுக்கானது என்று ஒதுக்குவது எளிது. அது அழகுக்கா, உபாதைக்கா என்பதை நிறுவுவது நம் குறிப்பேடுதான். எந்த மாதம் புண் வந்தது, என்ன மருந்து எத்தனை வாரம், எடை எப்போதிலிருந்து நிலையாக இருக்கிறது, சம்மதத்தோடு எடுத்த படம் என்று ஒவ்வொரு வருகையிலும் எழுதினால்தான் பிளாஸ்டிக் சர்ஜனுக்கு நாம் அனுப்பும் கடிதத்துக்கு எடை இருக்கும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே போகும் பெண் தன்னார்வலர், "இடுக்குல எங்கயாவது எரியுதாக்கா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்டால் போதும். மருத்துவரிடம் வராத பதில் அவரிடம் வரும்.

அந்த அம்மா மூன்று வாரம் கழித்து வந்தார். நாடாவை உருவிவிட்டு, மூன்று விரல் அகலத்துக்குத் துணிப்பட்டி வைத்துத் தைத்த பாவாடை கட்டியிருந்தார். யாரும் சொல்லித்தரவில்லை, தானே யோசித்துத் தைத்தது. சிவப்பு வடிந்திருந்தது. இடது மூலையில் அந்த வெடிப்பு மட்டும் இன்னும் மூடவில்லை. தேதி போட்டுக் குறித்துக்கொண்டேன்.