மதில் ஒன்றா, பலவா?

நம் மாணாக்கருள் பலர் ஒரு சூத்திரத்தை நெட்டுருச் செய்து, அதில் எண்களைப் பெய்து, விடை கண்ட அளவிலே பொருளை அறிந்துவிட்டதாக எண்ணி அமைகின்றனர். சூத்திரம் எங்கே பொருந்தும் என அறிதல் பாதி அறிவே. எங்கே பொருந்தாது எனவும் அறிதலே முழு அறிவு என்பது எமது கருத்து. இதற்கு அணுக்கருக்களின் சேர்க்கையை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

இரண்டு அணுக்கருக்கள் அணுகுங்கால், இரண்டும் நேர் மின்னேற்றம் உடையனவாதலின் ஒன்றையொன்று தள்ளும். மிக நெருங்கிய பின்னரே அணுக்கரு விசை பற்றி இழுக்கும். இத்தள்ளலும் இழுத்தலும் சேர்ந்து இடையே மதில் போன்றதொரு தடையை எழுப்புகின்றன. ஆக்ஸிஜன் 16, சமாரியம் 154 என்னும் இரண்டிற்கும் இடையே அதன் உயரம் ஏறக்குறைய 6 கோடி எலெக்ட்ரான் வோல்ட். அதனினும் குறைந்த சக்தியுடைய கரு மதிலை ஏறிக் கடத்தல் இயலாது. ஆயினும், குவாண்டம் கொள்கையின்படி, சிறு வாய்ப்புடன் அதனை ஊடுருவுதல் கூடும். 1928ஆம் ஆண்டில் காமோவ் ஆல்பாத் துகள் வெளிப்படுதலை இவ்வாறே விளக்கினார். 1973இல் வாங் என்பவர் மதிலின் உச்சியைப் பரவளைவாகக் கொண்டு, சேர்க்கையின் அளவைக் கணிக்கும் எளிய சூத்திரம் ஒன்றைத் தந்தார். மதிலின் உயரம், அது நிற்கும் தூரம், உச்சியின் வளைவு என்னும் மூன்றே அதற்கு வேண்டுவன.

இனி அதன் குறையைக் காண்போம். 1978இல் ஸ்டோக்ஸ்டாடும் அவருடன் உழைத்தோரும் ஆக்ஸிஜன் 16ஐச் சமாரியத்தின் 148, 150, 152, 154 என்னும் நான்கு ஐசோடோப்புக்கள்மீது செலுத்தினர். நான்கிற்கும் புரோட்டான்கள் 62. ஆகவே மின்னேற்றம் ஒன்றே. ஆயினும் மதிலுக்குக் கீழ்ப்பட்ட சக்திகளில், 154இல் நிகழ்ந்த சேர்க்கை 148இல் நிகழ்ந்ததனினும் பன்மடங்கு மிக்கிருந்தது. முதற்காரணம் வடிவமே. 148 ஏறக்குறைய உருண்டை. 154 முட்டைபோல் நீண்டது. வரும் கரு முனைப்பக்கம் அணுகின், மையத்தினின்று தொலைவிலேயே அணுக்கரு விசை பற்றுவதால் மதில் தாழ்கின்றது. விலாப்பக்கம் அணுகின் உயர்கின்றது. ஆகவே மதில் ஒன்றன்று, பல. 1991இல் ரௌலி, சாச்லர், ஸ்டெல்சன் என்போர், அளந்த சேர்க்கையினின்றே அம்மதில்களின் பரவலைப் பிரித்தறியும் கணித முறையைக் காட்டினர். 1995இல் ஆஸ்திரேலிய நாட்டுக் கான்பெராவில் ஆராய்ந்தோர் நுண்ணிய அளவைகளால் அப்பரவலைத் தெளிவுறக் காட்டினர்.

பல மதில்களைக் கொண்ட கொள்கையும் முற்றுப்பெற்றதன்று. 2002இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுச்சாலையார், நிக்கல் 60, இட்ரியம் 89 ஆகியவற்றின் சேர்க்கை, மிகத் தாழ்ந்த சக்திகளில் அக்கொள்கை கூறியதனினும் விரைந்து குறைதலைக் கண்டு வெளியிட்டனர்.

அங்ஙனமாயின் எளிய சூத்திரத்தைக் கைவிடலாமோ எனின், கூடாது என்போம். அஃது இல்லையேல், சமாரியத்திற் கண்டது மிகுதி என்பதே புலப்பட்டிராது. அளவுகோல் இருந்தாலன்றோ கோணல் தெரியும்? கைவிடற்பாலது சூத்திரமன்று, அதன்மேல் வைத்த கண்மூடிய நம்பிக்கையே.

பரிசோதனைச் சாலையிற் கண்ட எண் புத்தகத்து எண்ணோடு ஒவ்வாதபோது, அதனை அழித்துத் திருத்தி எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லையென்று எவரும் சொல்லார். ஸ்டோக்ஸ்டாடும் அவர் துணைவரும் அவ்வாறு செய்திருப்பின், சமாரியக் கருவின் வடிவு சேர்க்கையில் விளைக்கும் பயன் மறைந்தே போயிருக்கும். ஆசிரியர்கள் சூத்திரம் பொய்க்கும் இடத்தையும் கற்பிப்பாராக. மாணாக்கர் கண்டதைக் கண்டவாறே எழுதுவாராக.