பிள்ளை சிட்டிசன் ஆனால் போதுமா?

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு பேச்சு வேரூன்றிப்போய்விட்டது. பிள்ளை அமெரிக்காவில் சிட்டிசன் ஆகிவிட்டால் பெற்றோருக்கு கிரீன் கார்டு வந்த மாதிரிதான். பேப்பர் போட வேண்டியதுதான் பாக்கி, அப்பா அம்மாவுக்கு இனி ஒரு கவலையும் இல்லை. போடாத பிள்ளை நன்றி கெட்டவன். போட்டும் போகாத பெற்றோர் பிழைக்கத் தெரியாதவர்கள். கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் எழுபது வயதுக்காரர்களை நிறுத்தி, "இன்னும் இங்கதான் இருக்கீங்களா? எப்ப கெளம்புறீங்க?" என்று கேட்கிறார்கள்.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததுதான். துறைமுகத்திலும், எண்ணூர் அசோக் லேலண்டிலும், திருவொற்றியூர் என்ஃபீல்டிலும் எம்.ஆர்.எஃப்.பிலும் ஷிஃப்ட் பார்த்த ஒரு தலைமுறை, ஓவர்டைம் காசைச் சேர்த்துப் பிள்ளைகளை இன்ஜினீயரிங் படிக்க வைத்தது. அந்தப் பிள்ளைகள் கடல் கடந்து போய்த் தலையெடுத்தபின், பெற்றோரை உட்கார வைத்துச் சோறு போட வேண்டும் என்று ஊர் எதிர்பார்ப்பது நியாயம். அந்த எதிர்பார்ப்போடு எனக்கு வழக்கு இல்லை. அதற்கு வழி கிரீன் கார்டுதான் என்ற முடிவு தவறு. வயதானவர்களை அவர்கள் விரும்பாத இடத்துக்கு அது தள்ளுகிறது. ஆகவே ஊர் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொல்கிறேன்.

1. "சிட்டிசன் ஆனால் பெற்றோரை அழைத்துக்கொள்வது பிள்ளையின் உரிமை"

அமெரிக்காவைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. 21 வயது நிரம்பிய குடிமகன் பெற்றோருக்கு மனு போடலாம். ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு இந்தப் பிரிவுக்கு இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்து சேரும் காலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஹெச்-1பி வேலை விசாவில் போன இந்தியருக்கு வேலை வழியாக கிரீன் கார்டு கிடைக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆவது சாதாரணம். அதன்பின் பொதுவாக ஐந்து ஆண்டுகள் கழித்துத்தான் குடியுரிமை. மகன் நாற்பதைத் தாண்டிவிடுகிறான், அப்பா எழுபதை நெருங்கிவிடுகிறார்.

மற்ற நாடுகளில் கதையே வேறு. கனடாவில் பெற்றோருக்கு ஸ்பான்சர் செய்யக் குடியுரிமைகூடத் தேவையில்லை, நிரந்தர வசிப்புரிமை போதும். ஆனால் அழைப்பு வர வேண்டும். 2020-இல் பெயர் பதிந்தவர்களிலிருந்தே 2025 வரை ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இடையில் புதிதாகப் பெயர் பதியக் கதவு திறக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே குடியிருக்கிறார்களா என்று முதலில் பார்ப்பார்கள். கட்டணம் குறைந்த விசாவுக்குக் காத்திருப்பு 30 ஆண்டுகளைத் தாண்டுகிறது. விரைவான வழிக்கு ஒருவருக்கு 40,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் கட்ட வேண்டும். பிரிட்டனில் 2012 ஜூலைக்குப் பிறகு, குளிக்கவும் உடுத்தவும் பிறர் துணை வேண்டிய நிலையில் இருந்து, அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்காது அல்லது பிள்ளை பணம் அனுப்பினாலும் கட்டுப்படியாகாது என்று நிரூபித்தால்தான் அனுமதி. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கோ இந்தப் பேச்சே பொருந்தாது.

2. "ஒரு பேப்பர் போட்டால் முடிந்தது"

அப்பாவுக்கு ஒரு மனு, அம்மாவுக்குத் தனியாக ஒரு மனு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். மகன் தன் பிறப்புச் சான்றிதழைக் காட்டி, இவர்கள்தான் என் பெற்றோர் என்று நிரூபிக்க வேண்டும். வடசென்னையில் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. 1970களில் ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்த ஒருவரின் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். ஆண் குழந்தை என்று மட்டும் இருக்கும். பெயர் வைப்பதற்கு முன்பே பதிவு செய்துவிட்டு, பிறகு யாரும் அந்தப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். அப்பா பெயர் ஏழுமலை என்றால், அந்த ழகரத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு எழுத்தர் 'எல்' போட்டிருப்பார், பாஸ்போர்ட்டில் இன்னொருவர் 'இசட்-எச்' போட்டிருப்பார். இனிஷியல் ஓரிடத்தில் முன்னே, ஓரிடத்தில் பின்னே. அம்மாவுக்குப் பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் வீட்டில் கூப்பிடும் பெயர்.

அப்பாவுக்கு மனு போடப் பெற்றோரின் திருமணச் சான்றிதழும் வேண்டும். தேவாலயத்தில் மணந்தவர்களுக்குப் பதிவேடு இருக்கும். ஒற்றியூர் கோயிலிலோ வீட்டு வாசலில் பந்தல் போட்டோ தாலி கட்டியவர்கள், பேரன் பேத்தி எடுத்த வயதில் சார்பதிவாளர் அலுவலகப் படியேறித் திருமணத்தைப் பதிவு செய்ய வேண்டும். போலீஸ் சான்று, மருத்துவப் பரிசோதனை, தடுப்பூசிகள் தனி. அமெரிக்கத் துணைத் தூதரகம் அண்ணா மேம்பாலத்தின் அருகிலேயே இருந்தாலும், குடியேற்ற விசாவுக்கான நேர்காணல் மும்பையில்தான். மூட்டு வலியோடு இத்தனைக்கும் அலைகிறவர்கள் பெற்றோர்.

3. "கார்டை வாங்கி வைத்துக்கொண்டால் நினைத்தபோது வந்து போகலாம்"

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். கிரீன் கார்டு அமெரிக்காவில் குடியிருப்பவருக்கு உரியது. ஓராண்டுக்கு மேல் வெளியே தங்க வேண்டுமானால் புறப்படுவதற்கு முன்பே மறுநுழைவு அனுமதி வாங்க வேண்டும். அதுவும் அதிகபட்சம் இரண்டு ஆண்டுக்குத்தான். ஆறு மாதத்தைத் தாண்டினாலே, திரும்பும்போது விமான நிலையத்தில் கேள்வி வரும். ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்துக்கு வந்து தீபாவளி முடித்துப் போகலாம் என்று கணக்குப் போட்டால், வசிப்பைக் கைவிட்டதாகப் பார்க்கப்படலாம், கார்டே பறிபோகலாம். மேலும், கார்டு உள்ளவரின் உலக வருமானம் முழுவதும் அங்கே வரிக்கணக்கில் வரும். இங்குள்ள ஓய்வூதியம், வைப்புத்தொகை வட்டி, மாடி வீட்டு வாடகை எல்லாவற்றையும் அந்த அரசிடம் காட்ட வேண்டும்.

வந்து போவதற்கென்றே இருப்பது சுற்றுலா விசா. இந்தியர்களுக்குப் பொதுவாகப் பத்து ஆண்டுக்குத் தருகிறார்கள். ஒவ்வொரு முறையும் வழக்கமாக ஆறு மாதம் வரை தங்கலாம். கனடாவின் சூப்பர் விசாவில் 2022 ஜூலை முதல் ஒரே பயணத்தில் ஐந்து ஆண்டு வரை தங்க முடிகிறது. ஒரு லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு கட்டாயம். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நினைக்கும் பெரும்பாலான பெற்றோருக்கு இவை போதும். குடியேற்ற மனுவைப் போட்டுவிட்டால், அதன்பின் புதிதாகச் சுற்றுலா விசா கேட்பது கடினமாகிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

4. "அங்கே வைத்தியத்தை அரசாங்கமே பார்த்துக்கொள்ளும்"

பார்த்துக்கொள்ளாது. 65 வயதான புதுக் குடியேறி, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வசித்த பிறகே மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் சேர முடியும். அங்கே பத்து ஆண்டு உழைத்து வரி கட்டியவருக்கு அதன் மருத்துவமனைப் பகுதிக்குப் பிரீமியம் கிடையாது; நம் பெற்றோருக்கு அந்த உழைப்புக் கணக்கு இல்லை. 2025 நிலவரப்படி அந்தப் பகுதிக்கு மாதம் 518 டாலர், மருத்துவர் பகுதிக்கு 185 டாலர். இருவருக்குமாக மாதம் 1,406 டாலர். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குத் தனியார் காப்பீடு.

ஸ்பான்சர் செய்யும் பிள்ளை ஒரு உறுதிப்பத்திரத்தில் கையெழுத்திடுகிறான். வறுமைக்கோட்டின் 125 சதவீதத்துக்குக் குறையாமல் பெற்றோரைத் தாங்குவேன் என்ற சட்டப்பூர்வ ஒப்பந்தம் அது. அவர்கள் குடியுரிமை பெறும் வரையிலோ, அங்கே பத்து ஆண்டு உழைப்புக் கணக்கு சேரும் வரையிலோ, நாட்டை விட்டே போகும் வரையிலோ, இறக்கும் வரையிலோ அது நீடிக்கும். பிள்ளைக்கு வேலை போனாலும் ஒப்பந்தம் போகாது.

இங்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. ஐந்து ஆண்டாவது இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு பெற்ற தொழிலாளிக்கும் மனைவிக்கும் ஆண்டுக்கு 120 ரூபாயில் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதி தொடர்கிறது. வரிசை நீளம், படுக்கை பற்றாக்குறை, எல்லாம் உண்மை. ஆனாலும் நெஞ்சு வலித்தால் செலவை நினைத்துத் தயங்காமல் ஆட்டோ ஏறலாம். அந்த வயதில் இது சின்ன விஷயமே இல்லை.

5. "குடும்பத்தோடு போய்விடலாம்"

பெற்றோருக்கான மனுவில் தம்பி தங்கை ஒட்டிக்கொள்ள முடியாது. கல்யாணமாகாத மகளோ, பெற்றோரை நம்பி வாழும் மாற்றுத்திறனாளி மகனோ இங்கேயேதான் இருக்க வேண்டும். உடன்பிறந்தோர் பிரிவில் இந்தியர்களின் வரிசை இருபது ஆண்டுகளுக்கு நெருக்கமாக நீள்கிறது. ஒரு பிள்ளையோடு சேர இன்னொரு பிள்ளையை விட்டுப் போகச் சொல்கிறோம் என்பதை ஊர் உணர்வதில்லை.

6. "இந்தப் புகையிலும் சாம்பலிலும் ஏன் கிடக்க வேண்டும்?"

மற்ற வாதங்களைவிட இதற்கு நான் அதிக மரியாதை தருகிறேன். எண்ணூரில் அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தில் படிந்து கிடப்பதை அங்கே வாழ்கிறவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு கொசஸ்தலை ஆற்றில் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, மூச்சு முட்டிய மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஆஸ்துமா உள்ள அம்மாவை அங்கிருந்து அகற்ற நினைக்கும் மகளை யார் குறை சொல்ல முடியும்?

ஆனால் அதற்காகக் கடல் தாண்ட வேண்டியதில்லை. நகரின் வேறு பகுதியில் ஒரு வீடு பார்த்துக் கொடுக்கலாம். கிரீன் கார்டு கிடைக்காத பல்லாயிரம் முதியவர்கள் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். நல்ல காற்று அவர்களுக்கும் இங்கேயே வேண்டும். வெளியேறுவதே தீர்வு என்று சொல்லிப் பழகினால், அந்தக் கோரிக்கையின் குரல் குறைந்துபோகும்.

7. "அழைத்துப் போகாத பிள்ளைக்குப் பாசம் இல்லை"

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஆனால் வெளிநாட்டுக் குடிமகனான நம் பிள்ளைக்கு ஓ.சி.ஐ. அட்டை உண்டு. வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வந்து, எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம். ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது; அப்பா பக்கத்தில் இருக்க அவை எதுவும் தேவையில்லை. பெற்றோர் அங்கே போவதற்கு இருக்கும் தடைகளைவிடப் பிள்ளை இங்கே வருவதற்கு இருக்கும் தடைகள் மிகக் குறைவு. ஆனாலும் வீடு மாறும் சுமையை எப்போதும் எழுபது வயதுக்காரர்மீதே வைக்கிறோம்.

அம்மாவின் விருப்பத்தையும் கேட்பதில்லை. காசிமேட்டு மீனைப் பேரம் பேசி வாங்கி, வெள்ளிக்கிழமை வடிவுடையம்மனைக் கும்பிட்டு, பக்கத்து வீட்டாரோடு நாலு வார்த்தை பேசி நாளை நடத்தும் பெண் அவர். கார் ஓட்டத் தெரியாமல் கடைக்குக்கூட மருமகளை எதிர்பார்க்கும் புறநகர் வீட்டில் அவருடைய பகல் எப்படிக் கழியும்? அப்பா தலையசைத்ததை அம்மாவின் சம்மதமாகக் கொள்ள முடியாது.

யாருமே போகக் கூடாது என்பதல்ல என் வாதம். பிள்ளைகள் எல்லோரும் அங்கே இருந்து, துணையை இழந்து தனியாக நிற்பவருக்கு, அவரே மனதார விரும்பினால், ஸ்பான்சர் நல்ல ஏற்பாடு. அப்போதும் மருத்துவச் செலவைக் கணக்கிட்டு, ஒரு முறை ஆறு மாதம் தங்கிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே முறை.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, மனு போடுவதற்கு முன் அப்பாவிடம் ஒரு முறை, அம்மாவிடம் தனியாக ஒரு முறை கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளுங்கள். ஊரில் இருப்பவர்களே, "எப்ப கெளம்புறீங்க" என்று இனி யாரையும் கேட்காதீர்கள். போவதும் இருப்பதும் அவர்கள் முடிவு.