வேண்டாம் என்று சொன்ன ஓர் ஆய்வு



பச்சிளம் குழந்தைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு பாட்டி கடிதம் எழுதியிருந்தார். பேரன் பிறந்ததும் அழவில்லை. மறுநாள் வலிப்பு வந்தது. இப்போது இரண்டு வயதாகியும் தலை நிற்கவில்லை. கடிதத்தின் கடைசிப் பத்தியில் இப்படிக் கேட்டிருந்தார்: “வெளிநாட்டில் இப்படிப் பிறக்கும் பிள்ளைகளின் உடம்பைக் குளிர வைத்து மூளையைக் காப்பாற்றுகிறார்களாமே, இங்கே ஏன் செய்யவில்லை? ஏழைகள் என்பதாலா?”

கோபமும் நியாயமும் கலந்த கேள்வி. இந்த இதழின் சிறப்புப் பகுதியும் மூளைக் காயம் பற்றியதாகவே அமைந்துவிட்டதால், என் பக்கத்தை அந்தப் பாட்டிக்கே கொடுத்துவிடுகிறேன்.

தொப்புள்கொடி அழுந்தினாலும், நஞ்சு முன்னதாகவே பிரிந்தாலும், வலி எடுத்துப் பிரசவம் இழுத்துக்கொண்டே போனாலும் குழந்தைக்குப் பிராணவாயு குறைகிறது. அதை அதிக நேரம் தாங்க முடியாத உறுப்பு மூளை. வளர்ந்த மனிதரின் எடையில் மூளையின் பங்கு 2 சதவீதம்தான். ஆனால், உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. கையிருப்பு என்று சொல்லும்படி அதனிடம் எதுவும் கிடையாது. ரத்த ஓட்டம் நின்றதும் நரம்பணுவின் சவ்வில் இருக்கும் பம்புகள் ஓய்ந்துவிடும். சோடியமும் கால்சியமும் உள்ளே புகும். அணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள அளந்து செலவிடும் குளூட்டமேட் என்ற ரசாயனம் மொத்தமாக வெளியே கொட்டும். அது பக்கத்து அணுக்களையும் கொல்லும்.

குழந்தைக்கு மூச்சு கொடுத்து, உடம்பு சிவந்து, இதயம் சீராகத் துடிக்கத் தொடங்கியதும் ஆபத்து தாண்டிவிட்டதாகத்தான் வெகுகாலம் நினைத்தார்கள். 1980களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஆஸ்மண்ட் ரெய்னால்ட்ஸ் குழுவினர் பிறந்த குழந்தைகளின் மூளையில் சக்தி எவ்வளவு இருக்கிறது என்று காந்தப் புலத்தைக் கொண்டு அளந்து பார்த்தார்கள். முதலில் சரிந்த சக்தி, மூச்சு வந்ததும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சில மணி நேரம் கழித்து மறுபடி சரிகிறது. வெள்ளத்தில் நின்ற மண்சுவர் நீர் வடிந்த மறுநாள் விழுவதுபோல, நரம்பணுக்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம் சரிவில்தான் சாகிறது. முதல் சரிவுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஏறத்தாழ 6 மணி நேரம் கிடைக்கிறது. நரம்பணுக்களைக் காக்கும் ஆராய்ச்சி முழுவதும் இப்படி ஓர் இடைவெளியைத் தேடித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இடைவெளியில் குளிர வைத்தால் என்ன ஆகும்? நியூசிலாந்தின் ஆக்லாந்தில் அலிஸ்டர் கன் ஆட்டுக் கருக்களில் சோதித்து, சேதம் குறைவதைக் காட்டினார். அமெரிக்காவில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த டாக்டர் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2005இல் வெளிவந்தது. உடம்பை 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்தபோது, இறந்தவர்களும் கடும் அல்லது நடுத்தர ஊனம் அடைந்தவர்களும் சேர்ந்து 44 சதவீதம். குளிர்விக்காத குழந்தைகளில் அது 62 சதவீதம். மேலை நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. நம் வாசகி கேள்விப்பட்டது இதைத்தான்.

அவர் கேள்விப்படாத பாதி எழும்பூரில் நடந்தது. ஹெலிக்ஸ் என்று பெயரிட்ட ஆய்வை லண்டன் இம்பீரியல் கல்லூரியின் டாக்டர் சுதின் தய்யில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்றிலுமாக 7 பெரிய மருத்துவமனைகளில் நடத்தினார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், தாய் சேய் நல மருத்துவமனையும் அதில் உண்டு. பெங்களூரு, மும்பை, டாக்கா, கொழும்புக்குப் பக்கத்து ராகம ஆகிய ஊர்களும் சேர்ந்தன. ஐஸ் பொட்டலம் வைத்துச் சமாளித்த ஏழை வைத்தியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. குழந்தையைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும் மெத்தை. ஆசனவாயில் மெல்லிய வெப்பமானிக் கம்பி. அது காட்டும் அளவைப் பார்த்து இயந்திரமே நீரின் சூட்டைக் கூட்டிக் குறைத்து 33.5ஐ விட்டு நகராமல் பார்த்துக்கொள்ளும். மொத்தம் 408 குழந்தைகள். எல்லாருக்கும் தீவிர சிகிச்சை உண்டு. பாதிப் பேருக்கு அதோடு குளிரும்.

2021இல் முடிவு வந்தது. இறப்பும் ஊனமும் சேர்த்துப் பார்த்தால் குளிர்வித்தவர்களில் 50 சதவீதம், மற்றவர்களில் 47. பெரிய வித்தியாசம் இல்லை. இறப்பை மட்டும் எடுத்தால், குளிர்வித்தவர்களில் 42 சதவீதம் குழந்தைகள் இறந்திருந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31. அமெரிக்காவில் காப்பாற்றிய அதே 33.5 டிகிரி, அதே 72 மணி நேரம், இங்கே உயிரை எடுத்திருக்கிறது.

ஏன்? ஆய்வாளர்களின் கருத்து இது: மேலை நாட்டுக் குழந்தைகளில் பலருக்கு அடி திடீரென்று, பிரசவ நேரத்தில் விழுகிறது, கடிகாரம் அங்கிருந்து ஓடத் தொடங்கும். இங்கே பல குழந்தைகளுக்குச் சேதம் பிறப்பதற்கு வெகு முன்பே, கொஞ்சம் கொஞ்சமாக நேர்ந்திருக்கலாம். பிறந்து 6 மணி நேரத்துக்குள் மெத்தையில் கிடத்தினாலும் அந்த இடைவெளி எப்போதோ மூடிப்போயிருக்கும். ஸ்கேன் படங்களில் தெரிந்த சேதத்தின் சாயலும் வேறாக இருந்தது. இதை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. வேலூர் சிஎம்சியில் 50 குழந்தைகளை வைத்து நடந்த சிறிய ஆய்வில், குளிர்வித்தவர்களின் மூளைப் படங்களில் சேதம் குறைவாகத் தெரிந்தது. விவாதம் ஓயவில்லை. ஆனால் 408 பேரிடம் கிடைத்த இறப்புக் கணக்கை 50 பேரின் படங்களைக் காட்டித் தள்ளிவிட முடியாது என்பது என் எண்ணம்.

ஆகவே பாட்டிக்குப் பதில்: ஏழைகள் என்பதற்காக மறுக்கப்பட்ட மருந்து அல்ல இது. நம் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்ததால்தான், நம் பிள்ளைகளுக்கு இது ஆபத்தாகலாம் என்று தெரிந்தது. பிரசவ அறையிலிருந்து தாய் வெளியே வருவதற்குள், பிள்ளை பிழைக்குமா என்றே தெரியாத நிலையில், விளக்கத்தைக் கேட்டுப் படிவத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்த அந்த 408 குடும்பங்களுக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம். சாதனைச் செய்திகளுக்கு நம் பத்திரிகைகள் தரும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இந்த ஆய்வுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மூளை விஷயத்தில் இது முதல் பாடமும் அல்ல. தலையில் அடிபட்டவருக்கு வீக்கம் குறைய ஸ்டீராய்டு ஊசி போடுவது பல பத்தாண்டுகளாக இருந்த பழக்கம். 2004இல் வந்த கிராஷ் ஆய்வு 10,008 நோயாளிகளிடம் அதைச் சோதித்தது. ஊசி போட்டவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவீதம், போடாதவர்களில் 17.9. 20,000 பேரைச் சேர்ப்பதாக இருந்த ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நல்ல எண்ணத்தோடு, உலகம் முழுவதும், எத்தனை பேருக்குப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.

அடுத்தது பலருக்குக் கசக்கும். பக்கவாதம் வந்தவர், விபத்தில் தலையில் அடிபட்டவர் வீட்டு மருந்துப் பையில் சிட்டிகோலின் மாத்திரை பெரும்பாலும் இருக்கும். நரம்பணுவின் சவ்வைச் சீராக்கும் என்பது அதன் பின்னால் உள்ள கொள்கை. 2012இல் தலைக்காயம் பட்ட 1,213 பேரிடமும், பக்கவாதம் வந்த 2,298 பேரிடமும் தனித்தனியே நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் அதனால் பயன் ஏதும் தெரியவில்லை. மாதம் தவறாமல் வாங்குகிற குடும்பங்கள் மருத்துவரிடம் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: “டாக்டர், இதை எவ்வளவு நாள் சாப்பிடணும், இதனால என்ன மாற்றம் தெரியணும்?” தயவுசெய்து நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், ரத்த அழுத்த மாத்திரையையும் வலிப்பு மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு. ‘மூளை டானிக்’ விளம்பரங்களை இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை. விளம்பரப் பிரிவினருக்கு என்மேல் வருத்தம்தான்.

அல்சைமர் நோய்க்கு வந்திருக்கும் புது மருந்து பற்றி உள்ளே விரிவான கட்டுரை இருக்கிறது. ஒரு வரி மட்டும் சொல்லிவிடுகிறேன். லெக்கனிமாப் 18 மாதங்களில் நோய் மோசமாகும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. போன நினைவைத் திருப்பித் தரவில்லை. மூளையில் வீக்கமும் கசிவும் சிலருக்கு வந்தன. அதோடு வைத்துப் பார்க்க வேண்டியது லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் தந்த 2024 அறிக்கை. ரத்த அழுத்தம், சர்க்கரை, காது கேளாமை, புகை, தலைக்காயம் உள்ளிட்ட 14 காரணங்களைச் சரிசெய்தால் உலகில் மறதி நோயில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. ஹெல்மெட்டை டேங்க் மேல் மாட்டிக்கொண்டு போகிற தம்பிகள் இதைப் படிக்க வேண்டும். இன்றைக்கு விழுந்த அடிக்கு இன்றைக்கே கணக்கு முடிந்துவிடுவதில்லை.

நரம்பணுக்களைக் காக்க இதுவரை கைகொடுத்தவை பெரும்பாலும் நேரத்தோடு சம்பந்தப்பட்டவை. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006இல் அமெரிக்க மருத்துவர் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளைக்கான பாதுகாப்பு மாத்திரை டப்பாவில் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எவ்வளவு சீக்கிரம் கவனித்தார் என்பதில் இருக்கிறது.

அதனால் வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். வீட்டில் நிறைமாதக்காரி இருந்து, வயிற்றில் பிள்ளையின் அசைவு குறைந்ததாகச் சொன்னால் “விடியட்டும்” என்று காத்திருக்காதீர்கள். சீக்கிரம் பிரசவம் ஆகட்டும் என்று கேட்டு, கண்காணிப்பு வசதி இல்லாத இடத்தில் வலி ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்பதை ஏழாம் மாதத்திலேயே விசாரித்து வையுங்கள். சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைப் பார்த்தால் 108ஐ அழையுங்கள். தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கிறது. செலவுக்குப் பயந்து யாரும் தயங்க வேண்டியதில்லை. வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரம் எது என்று பார்த்து ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு கிளம்புங்கள். அவசரப் பிரிவில் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்விகளில் ஒன்று அதுதான்.

அன்புடன்,
ஆசிரியர்