ஊருக்கு நியாயம் கேட்கிற இடத்தில் ஜூனியருக்கு நியாயம் எங்கே?



பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் கோர்ட்டுக்கு ஏதாவது ஒரு வேலையா நீங்க போயிருப்பீங்க. கேஸ் கட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுற ஜூனியர் வக்கீல்களையும் பார்த்திருப்பீங்க. வாய்தா வாங்குறது, நகல் மனு போடுறது, பேட்டா கட்டுறது எல்லாம் அவங்கதான். அந்தப் பிள்ளையை ஆபீஸ்ல ஒருத்தர் கட்சிக்காரங்க முன்னாடியே அசிங்கமா திட்டினா, இரட்டை அர்த்தத்துல பேசினா, தொடக்கூடாத இடத்துல தொட்டா, அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?

ஐடி கம்பெனியில வேலை பார்க்கிற நம்ம பசங்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். புகார் குழு உறுப்பினர்கள் பேரும் நம்பரும் அங்கே சுவத்துல ஒட்டியிருக்கும். அந்தக் குழுவைக் கட்டாயமாக்கிய 2013 சட்டத்தைப் படிச்ச வக்கீல்களோட ஆபீஸ்ல மட்டும் அந்தச் சுவர் காலியா இருக்கு.

இது நம்ம ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2013-ல் சட்டம் படித்த ஒரு இளம்பெண், ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரிடம் பயிற்சியில் இருந்தபோது தனக்கு நடந்ததை வெளியே சொன்னார். மூன்று நீதிபதிகள் குழு விசாரித்தது. அந்த நடத்தை விரும்பத்தகாதது என்று முதல்நோக்கில் தெரிவதாகவும் சொன்னது. ஆனால் அவர் உச்ச நீதிமன்றத்தின் பதிவில் இருந்த பயிற்சியாளர் இல்லை, சம்பவ நாளில் அந்த நீதிபதி ஓய்வுபெற்றுவிட்டார், அதனால் நீதிமன்றம் மேல்நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்று முடிவானது. நாட்டின் உச்ச நீதிமன்ற வாசலிலேயே இந்த நிலைமைன்னா, வேப்பந்தட்டையில இருந்து பஸ் ஏறி வர்ற பொண்ணுக்கு என்ன தைரியம் இருக்கும்?

சர்வதேச வழக்கறிஞர் சங்கம் 2019-ல் 135 நாடுகளைச் சேர்ந்த சுமார் 7,000 பேரிடம் கேட்டது. பெண்களில் இரண்டில் ஒருவர், ஆண்களில் மூன்றில் ஒருவர் பணியிடத்தில் மிரட்டலுக்கும் அவமானத்துக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். பாலியல் தொல்லையில் நான்கில் மூன்று சம்பவங்கள் புகாராகவே போகவில்லை.

ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கிறாங்க? காரணம் சிம்பிள். தொழில் கத்துக்கொடுக்கிறவரும் அவர்தான், நாலு கேஸ் கொடுக்கிறவரும் அவர்தான், கையில பெட்ரோல் காசு கொடுக்கிறவரும் அவர்தான். சின்ன ஊர். ஒரு ஆபீஸை விட்டு வந்தா, மறுநாளே பார் முழுக்கப் பேச்சு வந்துரும். ஜூனியர்களுக்குப் பெரிய நகரங்களில் மாதம் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. அந்தப் பணம் மாசாமாசம் கைக்கு வந்தாலே பாதிப் பயம் போயிரும்.

சரி, சட்டத்துல வழியே இல்லையா? இருக்கு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். பத்துக்குக் குறைவென்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவிடம் போகலாம். நம்ம ஊர் வக்கீல் ஆபீஸ் பெரும்பாலும் நாலைந்து பேர் இருக்கிற இடம்தான். சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பயிற்சியாளராக இருந்தாலும் ஊழியர்தான் என்று சட்டத்தின் 2-ஆவது பிரிவே சொல்கிறது. டைப்பிஸ்ட், குமாஸ்தா, ஆபீஸ் கூட்டுகிற அக்கா, சட்டக் கல்லூரியில் இருந்து பயிற்சிக்கு வருகிற மாணவி என்று எல்லாப் பெண்களுக்கும் இது பொருந்த வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும்.

ஆனா பார் கவுன்சில், வக்கீல் சங்கம்னு வந்தா சட்டம் தடுமாறுது. பார் கவுன்சிலுக்கும் வக்கீல்களுக்கும் முதலாளி–தொழிலாளி உறவு இல்லை, அதனால் வக்கீல்களின் புகாருக்கு இந்தச் சட்டப்படி அங்கே குழு தேவையில்லை என்று மும்பை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் தீர்ப்பளித்தது. வழக்கறிஞர் சட்டம் 35-ஆவது பிரிவில் ஒழுங்கு நடவடிக்கை கேட்கலாம் என்பதே அங்கே காட்டப்பட்ட வழி. ஆண் ஜூனியருக்கும் இப்போதைக்கு அதுதான் வழி. அது நீண்ட பாதை. அதுவரைக்கும் அந்தப் பிள்ளை தினமும் அதே வராண்டாவுல அதே ஆளைப் பார்த்துக்கிட்டு நிக்கணும்.

அதனால நம்ம கோரிக்கை மூணு:

1. பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர்கள் உள்ளூர் புகார் குழு உறுப்பினர்களின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எல்லா நீதிமன்ற வளாகத்திலும் தமிழில் பலகையாக வைக்க வேண்டும். எல்லா மாவட்டத்திலும் 2025 ஜனவரி 31-க்குள் இந்தக் குழு இருக்க வேண்டும், தாலுகாவுக்கு ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2024 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறது.

2. சட்டம் கட்டாயப்படுத்தட்டும் என்று காத்திருக்காமல், வக்கீல் சங்கங்கள் தாங்களே ஒரு குழு அமைக்க வேண்டும். வெளியில் இருந்து ஒரு பெண் அதில் இருக்க வேண்டும். சாதி சொல்லித் திட்டுவது, ஆண் ஜூனியரை அவமானப்படுத்துவது உட்பட எல்லாப் புகாரையும் அது கேட்க வேண்டும்.

3. ஜூனியர் உதவித்தொகை பேப்பரில் இருந்து பாக்கெட்டுக்கு வர வேண்டும்.

"சீனியர் திட்டாம தொழில் எப்படி வரும்?"னு கமென்ட்ல சில பேர் கேட்பீங்க. மனுவுல தப்பு இருந்தா கிழிச்சுப் போட்டு மறுபடி எழுதச் சொல்லுங்க. அது பயிற்சி. அவன் ஊரையும் சாதியையும், அவள் உடம்பையும் உடுப்பையும் பேச எந்தச் சீனியருக்கும் உரிமை இல்லை. "பொய்ப் புகார் வந்தா?"ன்னும் கேட்பீங்க. வேண்டுமென்றே பொய்யாகக் கொடுத்தால் நடவடிக்கை எடுக்க 14-ஆவது பிரிவு இருக்கிறது. நிரூபிக்க முடியாததாலேயே ஒரு புகார் பொய் ஆகிவிடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

கடைசியா நமக்கு நாமே ஒண்ணு சொல்லிக்கணும். நம்ம வழக்கறிஞர் அணியிலும் சீனியர்கள் இருக்காங்க. முதல் பலகை அவங்க ஆபீஸ்ல மாட்டட்டும். புகார் வந்த ஆள் நம்ம ஆளா இருந்தா அமுக்கிட்டு, எதிர்க்கட்சி ஆளா இருந்தா ட்ரெண்ட் பண்றது சமூகநீதி ஆகாது.

பெண்கள் வக்கீல் தொழில் செய்ய 1923-ல்தான் சட்டம் வழிவிட்டது. நூறு வருஷம் தாண்டியாச்சு. செந்துறையில இருந்தும் ஆண்டிமடத்துல இருந்தும் குடும்பத்துல முதல் ஆளா சட்டம் படிச்சிட்டு வர்ற பிள்ளைங்க பயந்து தொழிலை விட்டுப் போனா, நாளைக்கு நம்ம ஜனங்களுக்காக வாதாட யார் வருவா?

இந்தப் பிரச்சினையில் சிக்கி யாராவது இதைப் படிச்சிட்டு இருந்தீங்கன்னா: பெண்கள் உதவி எண் 181. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அந்த உதவி உண்டு. நடந்ததைத் தேதியோட எழுதி வையுங்க. மெசேஜை அழிக்காதீங்க.

மத்தவங்க இந்தப் பதிவை உங்க ஊர் வக்கீல் நண்பர் ஒருத்தருக்காவது அனுப்புங்க.

#வக்கீல்_ஆபீஸும்_பணியிடமே