இரு பெரியவர்கள் கைகுலுக்கினால் மூன்றாமவருக்கு என்ன?

இரண்டு பெரிய நாடுகள் சுதந்திர வர்த்தக உடன்படிக்கை செய்துகொண்டால், அவ்விரு நாடுகளின் இலாப நட்டத்தைப் பற்றியே பேச்செல்லாம் நடக்கிறது. மேசைக்கு அழைக்கப்படாத மூன்றாவது நாட்டு வியாபாரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாம் எப்போதும் அந்த மூன்றாமவர்தான்.

அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகியவற்றின் 'நஃப்டா' உடன்படிக்கை 1994 ஜனவரி 1 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. 2020 ஜூலையில் அதன் இடத்துக்கு வேறோர் உடன்படிக்கை வந்துவிட்டாலும் பாடம் பழையதாகவில்லை. பருத்தி டீ சேர்ட்டுக்கு அமெரிக்காவின் சாதாரண இறக்குமதித் தீர்வை 16.5 வீதம். ஐந்து டொலர் சேர்ட் என்றால் 82 சதத்துக்கும் மேல். ஐந்து, பத்து சத வித்தியாசத்தில் ஓடர் கைமாறும் தொழில் இது. மெக்ஸிகோவுக்கோ அந்தத் தீர்வையும் கோட்டாவும் நீங்கின. 1990 களின் முடிவில் அமெரிக்காவுக்கு ஆடை விற்பதில் சீனாவையே அது முந்திவிட்டது.

அடி விழுந்தது கரீபியன் தீவுகளுக்கு. ஜமெய்க்காவில் ஆடைத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. அவர்களுடைய தையலில் குறை எதுவும் இல்லை. மெக்ஸிகோ நாணயம் 1994 டிசம்பரில் சரிந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் அக்கம்பக்கத்து இரு கடைகளில் ஒன்றுக்கு மட்டும் வரி இல்லை என்றால் மற்றது எத்தனை நாள் தாங்கும்? அமெரிக்கா 2000 ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றி அத்தீவுகளுக்கும் சலுகை கொடுத்தது. மூடிய தொழிற்சாலைக்கு அது பிந்திய மருந்து.

நமது ஆடைத் தொழில் அந்நாட்களில் தப்பியதற்குக் கோட்டா முறையும் ஒரு காரணம். நம்மைக் கட்டிய கயிறே நமக்கு வேலியாகவும் இருந்தது.

இன்னொன்று, 'சுதந்திர' என்ற சொல்லை நம்பிவிடக் கூடாது. நஃப்டா சலுகை பெற, பெரும்பாலான ஆடைகளுக்கு நூலே அம்மூன்று நாடுகளுக்குள் நூற்கப்பட்டிருக்க வேண்டும். சீனத் துணியை வாங்கி மெக்ஸிகோவில் தைத்தால் தீர்வை கட்டத்தான் வேண்டும். அமெரிக்க நூல் ஆலைக்காரருக்குச் சந்தையைப் பிடித்துக் கொடுத்த விதி அது. மூலநாட்டு விதியின் கடுமையை நாமும் அறிவோம். 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இந்திய-இலங்கை உடன்படிக்கையின் கீழ், வெளிநாட்டுப் பாம் எண்ணெயைக் கொண்டு இங்கே வனஸ்பதி தயாரித்து இந்தியாவுக்கு அனுப்பினோம். வியாபாரம் பெருகியதும் இந்தியா அளவுக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது.

மெக்ஸிகோவின் கொண்டாட்டமும் நீடிக்கவில்லை. சீனா 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. 2005 இல் கோட்டா ஒழிந்தது. அதோடு மெக்ஸிகோவின் ஆடைப் பங்கு சுருங்கியது.

2025 ஜூலை 24 ஆம் திகதி பிரித்தானியாவும் இந்தியாவும் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இந்திய ஆடைகளுக்கான தீர்வையை நீக்கப் பிரித்தானியா அதில் உடன்பட்டிருக்கிறது. பிரித்தானியாவில் நமது ஆடைகளுக்கு இருக்கும் தீர்வைச் சலுகை, இந்தியப் போட்டியாளருக்கு முன்னால் நமக்கிருந்த முற்பணம். அது போனால் எந்த விலையில் ஓடர் பிடிப்பது என்ற கணக்கை, பிரித்தானியாவுக்கு அனுப்புவோர் மட்டுமல்ல, அவர்களுக்குப் பட்டனும் பெட்டியும் விற்கும் நம்மவர்களும் இப்போதே போட்டுப் பார்க்க வேண்டும்.